வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா? வட்டியும் தகுதியும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு

2025ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கு வாங்கும் வட்டியை, நான்கு முறை குறைத்தது. பிப்ரவரியில் 6.50 சதவீதத்திலிருந்து 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் ஒரேயடியாக அரை சதவீதம் இறங்கி 5.50, டிசம்பரில் 5.25. ஒவ்வொரு முறையும் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தார்கள். சிலருக்குத் தவணை குறைந்திருந்தது. பலருக்கு ஒரு ரூபாய்கூட மாறவில்லை. அதே தெருவில் புதிதாகக் கடன் வாங்கியவர் 8 சதவீதம் கட்டுகிறார், ஐந்தாறு ஆண்டுகளாக ஒழுங்காகக் கட்டிவரும் நாம் 9 சதவீதம் கட்டுகிறோம் என்று தெரிய வரும்போதுதான், 'கடனை வேறு வங்கிக்கு மாற்றிவிடலாமா?' என்ற கேள்வி எழுகிறது.

மாற்றலாம். சட்டம் தடுக்கவில்லை. மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2012இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. ஆனால் மாற்றுவதால் லாபமா என்பதை வட்டி விகிதம் மட்டும் முடிவு செய்வதில்லை. புதிய வங்கி உங்களை எப்படி எடைபோடுகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை.

கடனை மாற்றுவது என்றால் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய கடன் அப்படியே வேறு வங்கிக்கு இடம்பெயர்வதில்லை. புதிய வங்கி உங்களுக்குப் புதிதாக ஒரு கடன் கொடுக்கிறது. அந்தப் பணத்தை உங்கள் கையில் தராமல் பழைய வங்கியின் பெயருக்கே காசோலையாகவோ வரைவோலையாகவோ கொடுத்துப் பழைய கடனை முடிக்கிறது. வீட்டுப் பத்திரம் பழைய வங்கியிலிருந்து புதிய வங்கியின் பெட்டகத்துக்குப் போகிறது. ஆக, புதிய வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் புதிய விண்ணப்பதாரர். சம்பளச் சான்று, சிபில் ஸ்கோர் என்ற கடன் ஒழுங்கு மதிப்பெண், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, கட்டட மதிப்பீடு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்க அறிவுரை. அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தினால் கணக்கு தவறும். அங்கே பெரும்பாலான வீட்டுக் கடன்கள் 30 ஆண்டுகளுக்கு நிலையான வட்டியில் தரப்படுகின்றன. 2021 ஜனவரியில் அந்த 30 ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79 சதவீதத்தைத் தொட்டது. 2021இல் கடன் வாங்கியவருக்கு இன்றும் அந்தப் பழைய வட்டிதான். 2023இல் வாங்கியவர், சந்தையில் வட்டி குறைந்தாலும், கடனை மாற்றினால்தான் அந்தப் பலனைப் பெற முடியும். அதனால் அங்கே கேள்வி எளிது: இன்றைய வட்டி, நான் வாங்கிய நாளின் வட்டியைவிடக் குறைவா?

இந்தியாவில் பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் இருக்கின்றன. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய வீட்டுக் கடன்களின் மாறும் வட்டி, ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது திருத்தப்பட வேண்டும். ஆகவே ரெப்போ குறைந்தால் கடனை மாற்றாமலே அந்தக் குறைப்பு நம்மிடம் வந்து சேர வேண்டும். பிறகு ஏன் புதியவருக்கு 8, பழையவருக்கு 9?

உங்கள் வட்டி இரண்டு துண்டுகளாலானது. ஒன்று ரெப்போ. அது எல்லோருக்கும் ஒன்று. மற்றொன்று அதன்மேல் வங்கி சேர்த்துக்கொள்ளும் ஸ்பிரெட். ரெப்போ 5.25 என்று வைத்துக்கொண்டால், 2.75 ஸ்பிரெட் உள்ளவருக்கு வட்டி 8.00, 3.75 ஸ்பிரெட் உள்ளவருக்கு 9.00. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் இடையிலான அந்த ஒரு சதவீதம் நகராது. புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்க வங்கிகள் போட்டி போட்டுக் குறைப்பது இந்த ஸ்பிரெட்டைத்தான். ஏற்கெனவே வலைக்குள் இருப்பவருக்கு அதைக் குறைக்க அவர்களுக்கு அவசரமில்லை. கடன் ஒப்பந்தத்தில் இந்த எண் எழுதப்பட்டிருக்கும். கடனை மாற்ற நினைப்பவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

ஸ்பிரெட்டை வங்கி நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. அதில் உங்கள் நம்பகத்தன்மைக்காகச் சேர்க்கப்படும் பகுதியை, உங்கள் கடன் தகுதியில் பெரிய மாற்றம் வந்தால் மட்டுமே திருத்தலாம். மற்ற பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்பது விதி. 2025 செப்டம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கி இதைக் கொஞ்சம் தளர்த்தியது: வாடிக்கையாளருக்கு நன்மை தரும் வகையில் என்றால், மூன்று ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் வங்கிகள் அந்தப் பகுதிகளைக் குறைக்கலாம். 'குறைக்கலாம்' என்பதுதான் விதி. 'குறைக்க வேண்டும்' என்பதல்ல. கேட்காதவருக்குக் கிடைக்காது.

உங்கள் கடன் 2019 அக்டோபருக்கு முந்தையது என்றால் நிலைமை வேறு. 2016 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன் எம்சிஎல்ஆர் என்ற, வங்கியே தன் செலவைக் கொண்டு கணக்கிடும் விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கும். அதற்கும் முன்பு வாங்கியிருந்தால் பேஸ் ரேட் என்ற, வங்கியே வைக்கும் பழைய அடிப்படை விகிதம். இவற்றில் ரெப்போ குறைப்பு மெதுவாகத்தான் வந்து சேரும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கியவர்களுக்கு 2019 விதி பொருந்தாது. அந்த நிறுவனங்கள் தங்களுக்கென்று ஓர் அடிப்படை வட்டியை வைத்துக்கொண்டு அதை ஒட்டி ஏற்றி இறக்குகின்றன. இந்த இரு வகையினருக்கும் கடனை மாற்றுவதில் லாபம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தவணை ஏன் அசையவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வட்டி மாறும்போது பல வங்கிகள் தவணைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கூட்டும் அல்லது குறைக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.50க்கு ஏறியபோது இதன் கொடுமை தெரிந்தது. 6.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 40 லட்சம் வாங்கியவரின் தவணை 29,823 ரூபாய். அவர் வட்டி 9 ஆனபோது 40 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 30,000. அதாவது கடன் வாங்கிய புதிதில் இருந்தவரின் தவணை முழுவதும் வட்டிக்கே போய், அசல் கரையாமல் நின்றது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும், தவணை வட்டிக்கே போதாத நிலை வரக் கூடாது என்று சொன்னது. 2022இல் கடன் வைத்திருந்தவர்கள் தங்கள் கணக்கில் மீதமுள்ள மாதங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. வாங்கியபோது 240 ஆக இருந்த தவணைகள், இத்தனை ஆண்டு கட்டிய பிறகும் 240க்கு மேலேயே நிற்கலாம்.

ஒரு சதவீதம் எவ்வளவு பெறும்

மீதக் கடன் 40 லட்சம், மீதக் காலம் 15 ஆண்டு என்று எடுத்துக்கொள்வோம். 9 சதவீதத்தில் தவணை 40,571. 8 சதவீதத்தில் 38,226. மாதம் 2,345 மிச்சம். 15 ஆண்டுக்கு ஏறத்தாழ 4.2 லட்சம்.

தவணையைக் குறைக்காமல் பழைய 40,571ஐயே 8 சதவீதக் கடனுக்குக் கட்டிவந்தால்? 180 மாதத்துக்குப் பதிலாக 161, 162 மாதத்தில் கடன் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 7.6 லட்சம். ஒரே வட்டிக் குறைப்பு, கட்டும் விதத்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு பலன் தருகிறது. ஏற்கெனவே அந்தத் தவணைக்குப் பழகிய குடும்பத்துக்கு இது பெரிய பாரமில்லை என்பதால், நான் யாருக்கும் சொல்வது இந்த வழியைத்தான்.

இதற்கு நேரெதிரான பொறி ஒன்று இருக்கிறது. புதிய வங்கியின் பிரதிநிதி உற்சாகமாக, 'சார், உங்கள் தவணையை 33,000 ஆக்கித் தருகிறேன்' என்பார். எப்படி? மீதமிருந்த 15 ஆண்டை மீண்டும் 20 ஆண்டாக்கி. 8 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 40 லட்சத்தின் தவணை 33,458. மாதம் 7,000 ரூபாய் மிச்சமாவதுபோல் தெரியும். ஆனால் மொத்தம் கட்டப்போவது 80.3 லட்சம். பழைய 9 சதவீதக் கடனிலேயே இருந்திருந்தால் 73 லட்சத்தோடு முடிந்திருக்கும். வட்டி குறைந்தும் 7 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவார். ஆகவே இரண்டு கடன்களை ஒப்பிடும்போது தவணையை மட்டும் பார்க்கக் கூடாது. தவணையை மாதங்களால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

மீதக் காலமும் தொகையும் சிறுத்துவிட்டால் லாபமும் சிறுத்துவிடும். 10 லட்சம் மீதம், நான்கு ஆண்டுதான் பாக்கி என்றால், 9இலிருந்து 8க்கு மாறியும் மாதம் 472 ரூபாய்தான் மிச்சம். நான்கு ஆண்டிலும் சேர்த்து 22,656. மாற்றும் செலவே அதை விழுங்கிவிடும். கடனின் முதல் ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்குப் போகிறது: 9 சதவீத, 20 ஆண்டுக் கடனில் முதல் தவணையின் 83 சதவீதம் வட்டிதான். மாற்றுவதென்றால் அந்தக் காலத்தில் மாற்ற வேண்டும். கடைசி ஐந்தாண்டில் இருப்பவர் கையில் சேரும் பணத்தை அசலில் கட்டிவிட்டுப் போகலாம்.

செலவு என்னென்ன? புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் கட்டணம். தமிழ்நாட்டில் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணத்தைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்; அதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு, பலருக்கும் இதுதான் பெரிய செலவாக வந்து நிற்கும். பழைய வங்கியில் பத்திரம் வைத்த பதிவை நீக்க, கடன் அடைந்தது என்பதற்கான ரசீது ஆவணம் ஒன்றையும் பதிய வேண்டும். எல்லாம் சேர்ந்து 60,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 2,345 மிச்சமாகும் நம் எடுத்துக்காட்டில் போட்ட பணம் திரும்ப 26 மாதம் ஆகும். இரண்டு ஆண்டுக்குள் வீட்டை விற்கும் எண்ணம் இருப்பவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

உங்கள் கோப்பு என்ன சொல்கிறது

விளம்பரத்தில் தெரியும் வட்டி, அந்த வங்கியின் கணக்கில் மிகச் சிறந்த விண்ணப்பதாரருக்கு உரியது. உங்களுக்கு எது என்பதை உங்கள் கோப்பு தீர்மானிக்கும். அதில் முதல் தாள் சிபில் ஸ்கோர். 300 முதல் 900 வரை போகும் இந்த மதிப்பெண்ணில் 750க்கு மேல் இருந்தால் பல வங்கிகளில் நல்ல வட்டி கிடைக்கும். 700க்குக் கீழே போனால் அதே வங்கி, அதே வீடு, அதே சம்பளத்துக்கு அதிக வட்டி கேட்கும். புதிய வங்கி 8 என்று விளம்பரம் செய்துவிட்டு உங்களுக்கு 8.75 என்று சொன்னால், மாற்றுவதன் பலன் முக்கால்வாசி போய்விட்டது.

எனவே விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய, கடன் வரலாற்றைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும். எப்போதோ மூடிய கிரெடிட் கார்டில் 300 ரூபாய் பாக்கி என்று நிற்கலாம். நண்பருக்கு ஜாமீன் போட்ட கடன் உங்கள் பெயரில் தெரியலாம். முன்பு ஏதாவது கடனைப் பேசி, குறைத்துக் கட்டி முடித்திருந்தால் அது 'செட்டில்டு' என்று பதிவாகி, பல ஆண்டுகளுக்குப் பின்னும் காலை இடறும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் இந்தத் தகவல்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்பதால், பாக்கியைக் கட்டிய விவரம் முன்பைவிட விரைவாக ஏறும். இன்னொன்று: ஐந்தாறு வங்கிகளில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையைக் கேட்பது பதிவாகும். கடனுக்கு அலைபவர் என்ற தோற்றத்தைத் தந்து மதிப்பெண்ணைக் குறைக்கும்.

அடுத்தது வருமானம். கையில் வரும் சம்பளத்தில் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது வங்கிகளின் பொதுவான அளவு; நல்ல சம்பளக்காரருக்கு 60 சதவீதம் வரை விடுவார்கள். இங்கேதான் ஒரு விந்தை. கையில் 80,000 சம்பளம் வாங்குபவர், வீட்டுக்கு 40,571, காருக்கு 12,000 என்று ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவருகிறார் என்று வையுங்கள். புதிய வங்கி 60 சதவீதம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 48,000. கார் தவணை போக 36,000தான் மிச்சம். அவர் கேட்பதோ 38,226 தவணை. ஆக, 40,571 கட்டிக் காட்டியவரிடம், 38,226 கட்ட உங்களால் முடியாது என்று வங்கி சொல்லும். அநியாயம்தான். ஆனால் கணினி அப்படித்தான் கணக்குப் போடும்.

இதற்கு வழிகள் உண்டு. கார் கடன் முடியும் தறுவாயில் இருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போகும் மனைவியையோ கணவரையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் இருவர் வருமானமும் கணக்கில் வரும். அல்லது நான் சற்றுமுன் பொறி என்று சொன்ன அதே 20 ஆண்டுக் கடனை ஏற்றுக்கொண்டு, 33,458 தவணையில் தகுதி பெற்று, பிறகு மாதந்தோறும் 7,000 ரூபாயை அசலில் கூடுதலாகக் கட்டிவரலாம். மாறும் வட்டிக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லாததால் இது சாத்தியம். ஒழுங்காகக் கட்டுவேன் என்ற உறுதி உள்ளவருக்கு மட்டும் இந்த வழி. வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்து, அந்தத் தொகை தானாகப் போகும்படி செய்துவிட்டால் இன்னும் நல்லது.

வயது மூன்றாவது கணக்கு. சம்பளக்காரருக்குப் பொதுவாக 60 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்பார்கள். 48 வயதில் மாற்ற முனைபவருக்கு 15 ஆண்டு கிடைக்காது, 12தான் கிடைக்கும். 8 சதவீதத்தில் 12 ஆண்டுக்கு 40 லட்சத்தின் தவணை 43,298. வட்டி குறைந்தும் தவணை பழையதைவிட ஏறிவிட்டது! மொத்தத்தில் லாபம்தான், ஆனால் மாதச் செலவைக் குறைக்க வந்தவருக்கு அது உதவாது. ஓய்வூதியம் உள்ளவர்களுக்கும், சம்பாதிக்கும் மகனோ மகளோ இணை விண்ணப்பதாரராகச் சேர்பவர்களுக்கும் சில வங்கிகள் வயது வரம்பைத் தளர்த்தும்.

சுயதொழில் செய்பவர் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டும். வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டிய கடைக்காரர் இங்கே வந்து மாட்டிக்கொள்வார். அவர் கடை உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது ஊருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது.

பிறகு வீடு. முதல் வங்கி ஏற்றுக்கொண்ட வீட்டை இரண்டாவது வங்கியும் ஏற்கும் என்று நினைக்கக் கூடாது. மதிப்பீட்டுக்கு வரும் பொறியாளர், திட்ட அனுமதியில் தரைத்தளமும் முதல் தளமும் மட்டுமே இருக்க, மேலே இரண்டாவது தளம் எழும்பியிருப்பதைக் குறித்துக்கொண்டு போவார். அந்தத் தளத்துக்கு மதிப்பே போடாமல் விடலாம். சில வங்கிகள் கோப்பையே மூடிவிடும். அங்கீகாரமில்லாத மனைகள் இன்னொரு சிக்கல். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் தமிழக அரசு வரன்முறைப்படுத்தும் திட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பஞ்சாயத்து அனுமதி என்ற பெயரில் விற்ற மனையில் கட்டிய வீட்டுக்கு அன்று கடன் கொடுத்த நிறுவனம் இருந்திருக்கலாம். இன்று புதிய வங்கி வரன்முறை ஆணையைக் கேட்கும். அது இல்லை என்றால் மற்ற எல்லாத் தகுதியும் இருந்தும் பயனில்லை.

வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஐந்தாறு ஆண்டு கட்டியவருக்கு இது பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை; அசல் கரைந்திருக்கும், நில மதிப்பும் ஏறியிருக்கும். கடைசி ஓராண்டில் தவணை ஒன்றுகூடத் திரும்பாமல் கட்டியிருக்கிறீர்களா என்பதைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கணக்கில் பணமில்லாமல் ஒரு தவணை திரும்பியிருந்தால், இன்னும் சில மாதம் பொறுத்து விண்ணப்பிப்பது மேல்.

முதலில் உங்கள் வங்கியிடமே கேளுங்கள்

இத்தனை படிகளையும் தாண்டத் தகுதி உள்ளவர் என்று உங்களைப் பற்றி நீங்களே தெரிந்துகொண்டால், அடுத்து போக வேண்டிய இடம் உங்கள் பழைய வங்கிதான். மாற்று வங்கி தரும் கடன் ஒப்புதல் கடிதம் கையில் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும். ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு வட்டியைக் குறைத்துத் தரும் ஏற்பாடு பெரும்பாலான வங்கிகளிலும் வீட்டுவசதி நிறுவனங்களிலும் இருக்கிறது. கட்டணம் ஜிஎஸ்டியோடு 11,800 என்று வைத்துக்கொண்டால், நம் எடுத்துக்காட்டில் ஐந்தே மாதத்தில் அந்தச் செலவு திரும்பிவிடும். மீண்டும் பத்திரப் பதிவு இல்லை, மதிப்பீடு இல்லை, வழக்கறிஞர் இல்லை. எம்சிஎல்ஆர் கடனை ரெப்போ கடனாக மாற்றிக்கொள்வதும் இந்த வழியில் முடியும். முழு ஒரு சதவீதம் குறைக்க மாட்டார்கள், முக்கால்தான் குறைப்பார்கள் என்றாலும், அலைச்சலையும் செலவையும் கழித்துப் பார்த்தால் பலருக்கும் அதுவே போதும். வாய்மொழியாகப் பேசாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் கிடைக்கும்.

அவர்கள் அசையவில்லை என்றால் மாற்றிவிடலாம். பழைய வங்கியிடம் கடனை முடிப்பதற்கான நிலுவைத் தொகைக் கடிதமும், அவர்கள் வசம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் கேட்க வேண்டும். நிலுவைக் கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்குள் புதிய வங்கியின் காசோலை போய்ச் சேராவிட்டால் சில நாள் வட்டி கூடி, தொகை பொருந்தாமல் போகும். பழைய வங்கியின் தானியங்கித் தவணை உத்தரவை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்காவிட்டால், முடிந்த கடனுக்கு இன்னொரு தவணையும் எடுக்கப்படலாம். முதல் கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் காப்பீடு எடுத்திருந்தால் அது என்ன ஆகும், பணம் திரும்புமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். புதிய வங்கியும் ஒரு காப்பீட்டை நீட்டும்.

டாப்-அப் கடனையும் நீட்டுவார்கள். '40 லட்சத்தோடு இன்னும் ஐந்து லட்சம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக் கடன் வட்டிதான்' என்பார்கள். தனிநபர் கடனைவிட மலிவு என்பது உண்மை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டின் கூரையைச் சரிசெய்யவோ என்றால் வாங்கலாம். புதிய காருக்காக 15 ஆண்டு வட்டி கட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. கார் அதற்குள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

வரி பற்றி ஒரு சொல். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, வீட்டுக்காக வாங்கிய கடனை அடைக்கவே புதிய கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டிக்கும் கழிவு தொடர்கிறது. டாப்-அப்பை வேறு காரியத்துக்குச் செலவழித்தால் அந்தப் பகுதிக்குக் கிடையாது. எனவே இரண்டு கடன்களையும் தனித்தனிக் கணக்காக வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கடன் முடிந்ததும் பழைய வங்கி மூல ஆவணங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஆவணங்களை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். தாய்ப்பத்திரத்தின் ஒரு பக்கம் குறைந்தாலும் புதிய வங்கி நிறுத்திவைக்கும். ஆவணங்கள் போய்ச் சேரும்வரை சில வங்கிகள் வட்டியைச் சற்றுக் கூட்டியே வசூலிக்கும் என்பதால் இதில் சுணக்கம் கூடாது. எல்லாம் முடிந்த ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய வங்கிக்கு எதிரே ரசீது ஆவணமும், அதன்கீழே புதிய வங்கியின் ஒப்படைப்பு ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். ரசீதைக் காணோம் என்றால், பழைய வங்கியின் மேலாளரை அழைத்துக்கொண்டு அந்த வாரமே சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பத்து ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போது அந்தக் கிளையே இடம் மாறியிருக்கலாம்.